மாடியில் வீடு, தரையில் கார், நடுவில் ஒரு ஒயர்

வாசகி கேள்வி: கீழக்கரையில், கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் இருக்கும் ஓர் அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். பதினாறு வீடு, லிஃப்ட் உண்டு, தரைத்தளம் முழுக்க பார்க்கிங். எங்கள் வீடு இரண்டாவது மாடியில். நான் ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன், தினமும் போய்வருவேன். மாதம் ஒருமுறை மதுரைக்குப் போக வேண்டும். எல்லாம் சேர்த்து மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும். டியாகோ இ.வி., 24 யூனிட் பேட்டரி உள்ளதை புக் செய்துவிட்டேன். இப்போது செக்ரட்டரி காக்கா, "பார்க்கிங்கில் சார்ஜ் போட்டால் தீப்பிடிக்கும், பில்டிங் லோடும் தாங்காது" என்கிறார். பிறகு அவரே, "வேண்டுமானால் மோட்டார் ரூம் பிளக்கில் போட்டுக்கொள்ளுங்கள், மாதம் இவ்வளவு என்று கொடுத்துவிடுங்கள்" என்றும் சொல்கிறார். தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர், மாடி பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் இறக்கினால் போதும் என்கிறார். கடைக்காரர் ஏழு கிலோவாட் வால் பாக்ஸ் (சுவரில் மாட்டும் சார்ஜர் பெட்டி) வாங்கச் சொல்கிறார். மீட்டர்கள் மாடிப்படிக்குக் கீழே இருக்கின்றன. என் பார்க்கிங் அங்கிருந்து நாற்பது மீட்டர் தள்ளி. எங்கள் மீட்டர் த்ரீ ஃபேஸ். இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் போல ஓடும். நான் என்ன செய்யட்டும்? உப்புக்காற்றில் மின்சார கார் தாங்குமா? வாப்பாவின் பழைய பெட்ரோல் காரை விற்றுவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று பேர் மூன்று வழி சொல்லியிருக்கிறார்கள். அதில் பால்கனி ஒயரை மட்டும் இந்த நிமிடமே மறந்துவிடுங்கள். மற்றதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கடைக்காரர் சொல்லும் வால் பாக்ஸ். வேண்டாம் என்பது என் கருத்து. கணக்கு எளிது. கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் போய்வர 35 கிலோமீட்டர் என்று வையுங்கள். இந்தக் கார் நம்மூர் வெயிலில் ஏசி போட்டு ஓட்டினால் ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் தாராளமாகக் கொடுக்கும். ஆக ஒரு நாளைக்கு ஐந்து யூனிட். சார்ஜ் ஆகும்போது பத்துப் பதினைந்து சதவீதம் சூடாக வீணாகும். அதையும் சேர்த்தால் மீட்டரில் ஆறு யூனிட்டுக்குள் ஓடும். காருடன் வரும் 15 ஆம்பியர் சார்ஜர் மணிக்கு 3.3 யூனிட் இழுக்கும். அதாவது தினமும் இரண்டு மணி நேரம் கூட வேண்டியதில்லை. மதுரைக்குப் புறப்படும் முந்தின இரவில் அடியிலிருந்து நிரப்பினாலும் ஒன்பது மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இஷாவுக்குப் பிறகு போட்டால் ஃபஜ்ருக்கு நிறைந்திருக்கும்.

காலியான பேட்டரியை நிரப்புவதற்கு எத்தனை மணி நேரம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பெட்ரோல் பழக்கம் அது. மின்சார கார் தினமும் இரவில் கொஞ்சம் கொஞ்சமாக வாய்நனைக்கிற வண்டி. ஏழு கிலோவாட் பெட்டி வைத்தால் 32 ஆம்பியர் ஒரே ஃபேஸில் இழுக்கும். அதற்குத் தடித்த கேபிள், கூடுதல் லோடு, கூடுதல் டெபாசிட். அது போக, இந்தக் காரின் உள்ளே இருக்கும் சார்ஜரிலேயே 3.3, 7.2 என்று இரண்டு வகை உண்டு. நீங்கள் புக் செய்தது 3.3 என்றால் சுவரில் எவ்வளவு பெரிய பெட்டி மாட்டினாலும் கார் 3.3-க்கு மேல் வாங்காது. புக்கிங் ரசீதை எடுத்துப் பாருங்கள்.

அடுத்து மோட்டார் ரூம் பிளக். செக்ரட்டரி நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அது பொதுப் பயன்பாட்டு மீட்டர். அதற்கு யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல், போதாததற்கு நிலைக்கட்டணமும் உண்டு. லிஃப்ட் இல்லாத, பத்து வீட்டுக்கு மிகாத சின்னக் கட்டடங்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. உங்களுக்கு அது வராது. ஒளிக்காமல் சொன்னால், யூனிட் விலையில் உங்களுக்குப் பெரிய நஷ்டம் வராது. ஏனென்று கீழே கணக்கில் தெரியும். என் பயம் வேறு. "மாதம் இவ்வளவு" என்று ஒரு தொகை பேசினால் முதல் மூன்று மாதம் சரியாக இருக்கும். நான்காவது மாதம் பொதுக் கரண்ட் பில் ஏறும். ஏறியது உங்கள் காராலா, டேங்க் நிரம்பி வழிந்து மோட்டார் ஓடிக்கொண்டே இருந்ததாலா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பார்க்கிங்கில் கண்ணுக்குத் தெரிவது கார்தான். அப்புறம் அந்த பிளக்குக்கு வரும் ஒயரும் யாரோ எப்போதோ டிரில் மிஷின் போடுவதற்காக இழுத்ததாக இருக்கும். இரவெல்லாம் 14 ஆம்பியர் ஓட அது ஆகாது.

ஆகவே வழி ஒன்றுதான். உங்கள் சொந்த மீட்டரிலிருந்து, மீட்டர் போர்டிலேயே தனியாக ஒரு லைன் பிரித்து, பார்க்கிங் வரை கொண்டுபோங்கள். மீட்டர்கள் கீழேயே இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். மாடிக்கு ஏறி வீட்டு போர்டிலிருந்து திரும்ப இறங்க வேண்டியதில்லை. உங்கள் யூனிட், உங்கள் பில், யாருக்கும் கணக்கு காட்ட வேண்டாம்.

பில் எவ்வளவு ஏறும் என்று பார்த்துவிடுவோம். மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு, வீண் போவதையும் சேர்த்து, 160 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 320. ஏற்கெனவே 350, மொத்தம் 670. இங்கேதான் ஸ்லாப் கடிக்கும். 500 யூனிட்டைத் தாண்டியவுடன் இரண்டாவது நூறு யூனிட்டுக்கு இருக்கும் குறைந்த ரேட்டும் போய்விடும். 501-லிருந்து யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல், 601-லிருந்து ஒன்பதுக்கு மேல். இப்போது ஆயிரத்துக்குள் வரும் உங்கள் பில் மூவாயிரத்து ஐந்நூறு, அறுநூறு என்று வரும். கூடுதல் இரண்டாயிரத்து எழுநூறுக்குள். அந்த 320 யூனிட்டால் வகுத்துப் பாருங்கள், யூனிட் எட்டு ரூபாய் சில்லறை. அதனால்தான் பொது மீட்டரோடு பெரிய வித்தியாசம் இல்லை என்றேன். கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள் அடங்கும். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கையில், வாப்பாவின் கார் அதே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு குடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். கோடையில் ஏசியும் சேர்ந்து பில் ஆயிரம் யூனிட்டைத் தாண்டினால் யூனிட் பதினோரு ரூபாய்க்கு மேல். அப்போதும் லாபம்தான், ஆனால் கொஞ்சம் முகம் சுளிக்கும்.

இதற்கு ஒரு மாற்று உண்டு. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு மின்நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. அதன்படி காரை சார்ஜ் செய்யத் தனி மின்இணைப்பே கேட்கலாம். அப்படி வாங்கினால் அந்த 320 யூனிட் வீட்டு ஸ்லாப்பில் ஏறாது. ஆனால் ஈபி ஆபீஸில் விண்ணப்பம் போடும் முன், எந்த டாரிஃபில் தருவார்கள், நிலைக்கட்டணம் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு கணக்குப் போடுங்கள். (மின்வாரியத்தின் விநியோகப் பிரிவுக்கு 2024-ல் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். ஊரில் யாருக்கும் அது வாயில் வரவில்லை, எனக்கும்தான்.) உங்கள் ஓட்டத்துக்கு சொந்த மீட்டரே போதும் என்று நினைக்கிறேன். எப்படியானாலும், இப்போதுள்ள சாங்ஷன் லோடு, அதாவது உங்கள் இணைப்புக்கு ஈபி அனுமதித்த லோடு, எவ்வளவு என்று பழைய அட்டையில் பாருங்கள். மூன்று கிலோவாட் என்று இருந்தால் கூடுதல் லோடுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். லைன் மாற்ற வேண்டிய வேலை எதுவும் இல்லாவிட்டால் நகராட்சிப் பகுதியில் ஏழு நாளில் முடித்துத் தர வேண்டும் என்கிறது அதே விதி.

இனி லைன். நாற்பது மீட்டர் என்பதால் 4 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிள் போடச் சொல்லுங்கள். கடையில் "2.5 போதுமே" என்பார்கள். ஏசிக்குப் போதும், ஏசி விட்டு விட்டு ஓடும். கார் நிற்காமல் இழுக்கும். 14 ஆம்பியர் ஓடும்போது 2.5-ல் எட்டு வோல்ட் வழியிலேயே போய்விடும், 4-ல் ஐந்து வோல்ட்தான். உங்கள் தெருவில் மாலையில் வோல்டேஜ் ஏற்கெனவே 200-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த மூன்று வோல்ட்டும் கணக்குத்தான். தினசரி சார்ஜிங்கை இரவு பதினொன்றுக்கு மேல் தொடங்குங்கள். அலுமினியக் கேபிள் மலிவு என்று யாராவது சொன்னால் கடலைக் கைகாட்டுங்கள். அலுமினியமும் தாமிரமும் சேரும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால், இரண்டு மழைக்காலத்தில் அந்த இணைப்பு வெள்ளைப் பொடியாக உதிரும்.

மீட்டர் போர்டில் 20 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்), கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்). இரண்டும் சேர்ந்த ஒரே பொருளாகவும் கிடைக்கும். இதில் ஒரு நுணுக்கம். ஆர்.சி.சி.பி.யில் டைப் ஏசி, டைப் ஏ என்று இரண்டு உண்டு. கார் சார்ஜருக்கு டைப் ஏ வேண்டும். கடைக்காரருக்கே வித்தியாசம் தெரியாமல் போகலாம். முகப்பில் ஒரு சின்னச் சதுரத்துக்குள் ஒற்றை அலைக்கோடு மட்டும் இருந்தால் அது டைப் ஏசி. அலைக்குக் கீழே இன்னொரு வரிசையாக அரை வளைவுகளும் இருந்தால் டைப் ஏ. மின்னல் அடிக்கிற ஐப்பசி, கார்த்திகையை நினைத்து ஒரு சர்ஜ் அரெஸ்டரும் வைக்கச் சொல்லுங்கள்.

பார்க்கிங் பக்கத்தில் பிளக் பாயின்ட். இதில்தான் பெரும்பாலானவர்கள் சிக்கனம் பிடிக்கிறார்கள். வீட்டு கிரைண்டருக்குப் போடும் 16 ஆம்பியர் சாக்கெட், ஆறேழு மணி நேரம் முழு லோடில் தொடர்ந்து ஓடச் செய்ததல்ல. உள்ளே இருக்கும் பித்தளை நாக்கு சூட்டில் தளரும். தளர்ந்தால் இன்னும் சூடேறும். பிறகு பிளாஸ்டிக் பழுப்பேறி உருகும். நான் பார்க்கப் போன கார் சார்ஜிங் புகார்களில் பாதிக்கு மேல் இதுதான், காரில் ஒரு கோளாறும் இருக்காது. நல்ல கம்பெனியின் கனமான சாக்கெட், மழைநீர் புகாத ஐபி 65 பாலிகார்பனேட் பெட்டிக்குள். மெட்டல் கிளாட் இரும்புப் பெட்டி மதுரையில் நன்றாக உழைக்கும். உங்கள் ஊரில் ஆடிக் கச்சான் காற்று ஒரு வருடம் அடித்தாலே மூடி திறக்க வராது. திருகாணிகள் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். 304 என்று ஒன்று உண்டு, அதுவும் பளபளக்கும், ஆனால் கடற்கரையில் சீக்கிரம் துருப்புள்ளி விழும். ஒயர் முனைகளில் வெள்ளீயம் பூசிய லக் (முனையில் மாட்டும் உலோக வளையம்) அடித்து, மேலே கொஞ்சம் வாசலின் தடவச் சொல்லுங்கள்; செலவு பத்து ரூபாய்.

பெட்டியைத் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் வைக்கவும். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அப்படி ஒரு மழை கீழக்கரைக்கு வராது என்று யாரும் எழுதித் தரவில்லை, பார்க்கிங்கோ தரைத்தளம்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். எர்த்.

நம் வீடுகளில் கசியும் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கும் இந்த எர்த் சரியில்லாவிட்டாலும் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், ஃபிரிட்ஜ் குளிரும். யாருக்கும் தெரியாது. மின்சார கார்தான் முதன்முதலாக அதைக் கண்டுபிடித்துச் சொல்கிறது. சார்ஜர் பெட்டி ஒவ்வொரு முறையும் எர்த் இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் கரண்ட்டை உள்ளே விடும். இல்லையென்றால் சிவப்பு விளக்கு எரியும், சார்ஜ் ஏறாது. உடனே "கார் கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று ஃபோன் வரும்.

மண்டபம் பக்கம் கடலை ஒட்டிய ஒரு தங்கும் விடுதி, பெயர் வேண்டாம். வருகிற கார் எதற்கும் சார்ஜ் ஏறவில்லை என்று கூப்பிட்டார்கள். எர்த் குழியைத் தோண்டினோம். எட்டு அடி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் புதைத்ததாகச் சொன்னார்கள். கையில் வந்தது ஓர் அடி. மீதி ஊறின அப்பளம் மாதிரி மண்ணோடு மண்ணாக நொறுங்கிவிட்டது. புதைத்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. உப்பு ஈரமுள்ள மண்ணில் எர்த் ரீடிங் முதல் வருடம் அருமையாக இருக்கும். அதே உப்புதான் இரும்பைத் தின்னவும் செய்யும். பாம்பன் தீவின் மணல்மேடுகளில் வேறு கதை. மேல்மணல் காய்ந்து கிடப்பதால் எர்த்தே கிடைக்காது, ஆழம் போக வேண்டும். உங்கள் பக்கம் பிரச்சினை அரிப்புதான். அதனால் தாமிரம் பூசிய பத்தடி ராடு இரண்டு, ஒன்றுக்கொன்று பத்தடி தள்ளி அடித்து இணைத்து, மேலே திறந்து பார்க்க ஒரு மூடி வைத்த தொட்டி. வேலை முடிந்ததும் எர்த் டெஸ்டர் வைத்து அளந்து, ரீடிங்கைத் தாளில் எழுதி கையெழுத்து வாங்குங்கள். ஐந்து ஓமுக்குள் இருக்க வேண்டும். இரண்டுக்குள் வந்தால் சந்தோஷம். வருடத்துக்கு ஒருமுறை, கோடையின் கடைசியில், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது மறுபடி அளக்க வேண்டும். மழைக்காலத்தில் அளந்தால் எல்லா எர்த்தும் நல்ல எர்த்தாகத்தான் தெரியும்.

இதில் ஒரு கள்ள வழி இருக்கிறது. உங்களிடம் யாராவது அதைச் செய்ய வந்தால் தடுப்பதற்காகச் சொல்கிறேன். எர்த் கிடைக்காதபோது சில எலெக்ட்ரீஷியன்கள் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுவார்கள். சார்ஜர் ஏமாந்துவிடும், பச்சை விளக்கு எரியும், அவர் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கிப் போவார். ஒரு நாள் வாடைக்காற்றில் போஸ்ட்டில் நியூட்ரல் ஒயர் அறுந்தால் போதும், அந்த ஒட்டு வழியாகக் காரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். ரப்பர் டயர் மேல் நிற்கும் கார், கரண்ட் மண்ணுக்குப் போக வழி இருக்காது. ஈரக் காலோடு கதவைத் திறக்கப் போகிறவர்தான் அந்த வழி. இந்த ஒட்டு இருந்தால் ஆர்.சி.சி.பி.யையும் நம்ப முடியாது. வேலை முடிந்த அன்று சாக்கெட்டைத் திறந்து காட்டச் சொல்லி, அப்படி ஒரு துண்டு ஒயர் இல்லை என்று நீங்களே கண்ணால் பாருங்கள். கான்ட்ராக்டருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்பதிலும் கூச்சம் வேண்டாம்.

பால்கனி ஒயரை ஏன் ஒரேயடியாகத் தள்ளினேன் என்பதும் இப்போது புரிந்திருக்கும். மெல்லிய ஒயர், சுருட்டிய இடத்தில் சூடு, கைப்பிடிச் சுவரில் உராய்வு, மழை, பந்து விளையாடும் பிள்ளைகள். எர்த்தும் அதில் பெயருக்குத்தான்.

சரி, செக்ரட்டரி காக்காவின் இரண்டு பயங்கள்.

லோடு விஷயம் எளிது. 3.3 கிலோவாட் என்பது ஒன்றரை டன் ஏசி இரண்டு ஓடுவது போல. பதினாறு வீட்டில் எத்தனை ஏசி இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் கல்யாணம் என்று ஒரு வீட்டில் இரண்டு ஏசி புதிதாக மாட்டினால் யாரும் கூட்டம் போடுவதில்லை. மூன்று ஃபேஸில் உங்கள் வீட்டு ஏசி எதில் இருக்கிறதோ, அதை விட்டுவிட்டு வேறு ஃபேஸில் காரைப் போடுங்கள், போதும். ஆனால் அவர் சொல்வதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. நாளைக்குப் பத்து வீட்டிலும் கார் வந்தால் வரும் மெயின் கேபிள் தாங்குமா என்பது நல்ல கேள்வி. அதனால் உங்கள் ஒரு பைப்புக்கு மட்டும் அனுமதி கேட்காமல், மீட்டர் ரூமிலிருந்து பார்க்கிங் கூரையோடு எல்லோருக்கும் பொதுவாக ஒரு கேபிள் ட்ரே போட யோசனை சொல்லுங்கள். இப்போது அதில் உங்கள் ஒயர் மட்டும் போகும். பின்னால் வருகிறவர் அவரவர் மீட்டரிலிருந்து அதே வழியில் இழுத்துக்கொள்வார். ட்ரே செலவில் ஒரு பங்கு நீங்களே தருவதாகச் சொன்னால் பேச்சு சட்டென்று இளகும்.

தீ பயத்தைச் சிரித்துத் தள்ளாதீர்கள். 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் ஒரு தந்தையும் மகளும் இறந்தது எல்லோர் மனதிலும் இருக்கிறது. அந்த வருடம் அடுத்தடுத்து நடந்த விபத்துகளுக்குப் பிறகுதான் ஸ்கூட்டர் பேட்டரிகளுக்கான ஏஐஎஸ் 156, கார் பேட்டரிகளுக்கான ஏஐஎஸ் 038 தரவிதிகளைக் கடுமையாக்கி, டிசம்பரிலிருந்து படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். உங்கள் காரில் இருப்பது இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி. லித்தியம் வகைகளில் சூட்டைக் கூடுதலாகத் தாங்குவது. ஆனாலும் லித்தியம் பேட்டரி ஒருமுறை பற்றிக்கொண்டால் அணைக்க மிக நிறையத் தண்ணீர் வேண்டும், அணைந்த பிறகும் மறுபடி பற்றலாம் என்பது உண்மை. இதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு, நல்ல கேபிள், டைப் ஏ ஆர்.சி.சி.பி., அளந்த எர்த், நேரே போய் இறக்க ஒரு மெயின் சுவிட்ச் என்று நீங்கள் செய்யப் போவதைக் காட்டுங்கள். அந்த சுவிட்சின் இடத்தை வாட்ச்மேனுக்கும் காட்டி வையுங்கள். அதே பார்க்கிங்கில் ஏற்கெனவே யாராவது ஸ்கூட்டர் பேட்டரியை ஐந்து ஆம்பியர் பிளக்கில் மாட்டிக்கொண்டிருப்பார், பார்த்திருப்பீர்கள். எனக்கு உங்கள் காரைவிட அதுதான் கவலை.

சட்டம் உங்கள் பக்கம்தான். 2024 செப்டம்பரில் மத்திய மின்துறை வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வீட்டில் இருக்கும் மின்இணைப்பிலிருந்தே சொந்தக் காரை சார்ஜ் செய்யலாம் என்கின்றன. பொதுச் சுவரில் பைப் அடிக்க மட்டும் சங்கத்தின் சம்மதக் கடிதம் வேண்டும். ஆனால் கூட்டத்தில் முதல் வார்த்தையாக விதியை எடுத்து நீட்டாதீர்கள். நம்மூரில் சட்டத்தோடு தொடங்கிய பேச்சு தேநீர் வரை கூடப் போவதில்லை. ஒரு பக்கத்தில் வரைபடம் போட்டு, கேபிள் போகும் வழி, கான்ட்ராக்டர் பெயர், எர்த் ரீடிங் தருவதாக உறுதி, சேதமானால் உங்கள் செலவு என்று எழுதிக் கொடுங்கள். விதியைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், போதும். நான் மேலே சொன்ன வேலை முழுவதும் எர்த்தோடு சேர்த்து இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் முடியும். முப்பதைத் தாண்டினால் விவரம் கேளுங்கள்.

உப்புக்காற்று: பேட்டரி பெட்டி தண்ணீர் புகாமல் அடைத்தது, அதைப் பற்றிக் கவலை இல்லை. கவனிக்க வேண்டியது காரின் சார்ஜிங் வாயும், அதில் செருகும் 'கன்' என்ற கைப்பிடி பிளக்கும்தான். வேலை முடிந்ததும் கன்னைத் தரையில் போடாமல் மூடியோடு கொக்கியில் மாட்டுங்கள்; மூடி இல்லாமல் ஒரு கச்சான் காலம் கிடந்தால் பின்களில் பச்சை படியும். வாரம் ஒருமுறை காய்ந்த துணியால் துடைத்தால் போதும், எண்ணெய் ஸ்பிரே எதுவும் அடிக்க வேண்டாம். தனுஷ்கோடிக்குப் போய் அரிச்சல்முனை வரை ஓட்டி வந்தால் மறுநாளே நல்ல தண்ணீரில் அடிப்பகுதியைக் கழுவிவிடுங்கள். ஆர்.சி.சி.பி.யில் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். மாதத்தின் முதல் வெள்ளி என்று வைத்துக்கொண்டு அதை அழுத்திப் பாருங்கள். டப் என்று விழ வேண்டும். உப்பு ஏறினால் அது இறுகிப்போய் விழாமல் நிற்கும். அப்படியானால் அன்றே மாற்ற வேண்டும்.

மதுரைப் பயணம் ஒரு வழி சுமார் 130 கிலோமீட்டர். நிறைந்த பேட்டரியில் போய்ச் சேர்ந்துவிடலாம். திரும்பி வர மதுரையில் வேலை பார்க்கும் நேரத்தில் வேக சார்ஜரில் ஒரு மணி நேரம் போட வேண்டியிருக்கும். சார்ஜர் வேலை செய்கிறதா என்று ஆப்பில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், ஒன்றுக்கு இரண்டு இடமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்புக்காக மாதம் ஒரு நாள் பகலில் கரண்ட் நிறுத்துவார்களே, அதற்கு முந்தின இரவும், புயல் கொடி ஏற்றியதாகச் செய்தி வந்த இரவும் நூறு சதவீதம் ஏற்றிவிடுங்கள். அப்பார்ட்மென்ட் ஜெனரேட்டரில் மட்டும் காரைப் போடாதீர்கள்.

வாப்பாவின் காரை இப்போதே விற்க வேண்டாம். லைன் வேலை முடியும் முன் கார் வந்துவிட்டால் ஒரு வாரம் திண்டாடுவீர்கள். அதோடு ஒரு வாடைக்காலத்தை, இரண்டு மூன்று நாள் கரண்ட் இல்லாத ஒரு புயலோடு சேர்த்து, இந்தக் காரோடு கடந்து பாருங்கள். தை பிறந்த பிறகு அந்தக் கார் எத்தனை நாள் தெருவில் இறங்கியது என்று வாப்பாவிடமே கேளுங்கள்.